மாத்திட்டான் என்று எழுதினேன்

போன வருஷம் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னால், மும்பையின் அந்தப் பொல்லாத அக்டோபர் வெயிலில் நடந்தது இது. இடம் செம்பூர். அங்கே நாற்பது வீடுகள் உள்ள ஒரு சொசைட்டியில், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பில், நாங்கள் குடியிருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மாட்டுங்காவில். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் செய்த முதல் காரியம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியது. சிரிக்காதீர்கள், என் பிள்ளை ஏற்கெனவே வேண்டிய மட்டும் சிரித்துவிட்டான்.

புது வண்டி இல்லை. வெளிநாட்டுக்குக் குடிபோன ஒரு டாக்டர் விற்றது, பத்து வருஷம் ஓடியது. மஞ்சள் நிறம், இரண்டே சீட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். முப்பத்தைந்து வருஷம் லோக்கல் ரயிலில் இடிபட்டு ஆபீஸ் போனவளுக்கு, யாரும் இடிக்காத ஒரு சீட்டு வேண்டுமென்று தோன்றியது, அவ்வளவுதான் காரணம். என் கணவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, "காய்கறிப் பையை எங்கே வைப்பே?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. பால் பொங்குகிறவரை அடுப்படியில் நிற்க முடியாமல் எத்தனையோ தடவை பாலைத் தீயவிட்டிருக்கிறேன். சிக்னல் பச்சையான அடுத்த நொடி என் கை ஹாரனில் இருக்கும். இந்த வண்டியில் அதற்கு ஒரு நியாயமும் உண்டு. வண்டி அவ்வளவு தாழ்வு. பஸ், டெம்போ ஓட்டுகிறவர்கள் கண்ணில் நான் படவே மாட்டேன். ஹாரன் அடித்தால்தான் அங்கே ஒரு வண்டி இருப்பதே அவர்களுக்குத் தெரியும்.

அந்த ஹாரன்தான் ஒரு புதன்கிழமை உயிரை விட்டது. ஐரோலியில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலம் தாண்டி முலுண்ட் பக்கம் வரும்போது குறுக்கே ஒரு பைக். அழுத்தினேன், சத்தம் இல்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். தலையணையை அழுத்துகிற மாதிரி இருந்தது. அங்கிருந்து செம்பூர் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, முப்பது கிலோமீட்டர் வேகத்தில், எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தால், பார்ட்ஸ் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். ஆறு வாரமா! அந்தச் சனிக்கிழமை மாட்டுங்காவில் என் பள்ளிக்கூடத் தோழிகள் கூடுகிறார்கள். நாற்பது வருஷம் கழித்துச் சந்திக்கிறோம். அங்கே இந்த வண்டியில் போய் இறங்க வேண்டும் என்று இரண்டு மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அற்ப ஆசைதான், ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் சொசைட்டியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு எலக்ட்ரீஷியன் வருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தொண்ணூறடி ரோட்டில் சின்னதாக ஒரு கடை. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் காம்பவுண்டில் பதினோரு வண்டிகளுக்கு அவர்தான் கைராசிக்காரர். பாட்டரி, லைட், ஏ.சி. எல்லாம் அவர் பார்ப்பார். கழற்றின பழைய சாமானை ஒரு நியூஸ்பேப்பரில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். அவரைப் பிடித்து, ஞாயிறு வரை காத்திருக்க முடியாது என்று நச்சரித்து, வெள்ளிக்கிழமையே வரவழைத்தேன்.

வந்தார். ஃபியூஸ் போயிருந்தது. புது ஃபியூஸ் போட்டு ஹாரனை அழுத்தினார். டப் என்று அதுவும் போயிற்று. இரண்டு ஃபியூஸ் போன பிறகு அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, வண்டிய ஒரு நாள் எங்கிட்ட விட்ருங்க. ஃபியூஸ் சும்மா போவாது. எங்கனயோ ஒயர் தட்டுது. முழுக்கப் பாத்துருதேன்."

"ஒரு நாளா? நாளைக்குக் காலம்பர எனக்கு வண்டி வேணும். ஹாரனை மாத்திடுங்கோ."

"மாத்தலாம். மாத்துனா மட்டும் சரியாயிருமான்னு..."

"மாத்துங்கோன்னா மாத்துங்கோ."

அவர் கடைக்குப் போய் ஒரு ஜோடி ஹாரன் எடுத்துக்கொண்டு வந்தார். முன் சக்கரத்தை ஒட்டின பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, பழைய ஜோடியை எடுத்துவிட்டுப் புதுசை மாட்டினார். பம்பரையே இறக்கினால்தான் ஒயர் முழுவதும் தெரியும் என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது ஹாரன் ஊதியது. பழையதின் கம்பீரம் இல்லை, கொஞ்சம் கீச்சுக் குரல். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

பழைய ஹாரன்களைப் பேப்பரில் சுற்றி நீட்டினார். "உங்க சாமான், வச்சுக்கிடுங்க."

"இப்ப அதை எங்கே வைக்கறது? நீங்களே வச்சுக்கோங்கோ," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

இந்த ஒரு வாக்கியத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் அவரிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. நான் புடவைக்குப் பொருத்தமாக வளையல் தேடிக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை. மறுநாள் காலையும் ஒரு தடவை அடித்தது. வேலைதான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை கிளம்பினேன். சயான் வரைக்கும் ஹாரன் நன்றாகவே ஊதியது. மாட்டுங்காவுக்குள் ஒரு பெரிய ஸ்பீட் பிரேக்கர். இந்த வண்டிக்கு அடிவயிறு இடிக்காமல் அதைத் தாண்டத் தெரியாது. தடால் என்று இறங்கியது. அதற்கப்புறம் பூக்கடைச் சந்தில் திரும்பினேன். எனக்கு முன்னால் பூக்கூடை இறக்கிக்கொண்டிருந்த ஒரு டெம்போ திடீரென்று பின்னால் வர ஆரம்பித்தது. எனக்குப் பின்னாலும் வண்டி. ஹாரனை அழுத்தினேன். சத்தம் இல்லை.

டெம்போ வந்துகொண்டே இருந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் நான் கத்தினது எனக்கு மட்டும்தான் கேட்டது. அதன் பின்பக்கத்து இரும்புச் சட்டம் சரியாக என் முகத்துக்கு நேராக இருந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை அடி அடியென்று அடித்தேன். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி மடியில் இருந்ததையெல்லாம் உதறிவிட்டு ஓடிவந்து, டெம்போவின் பக்கவாட்டில் படார் படார் என்று தட்டினாள். என் பானெட்டுக்கும் அந்தச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்போது டெம்போ நின்றது. அவள் குனிந்து என்னைப் பார்த்து, "ஏம்மா, ஹாரன் அடிக்க மாட்டியா?" என்று கேட்டாள்.

வண்டியை ஓரம் கட்டினேன். பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. பயந்துபோனவளுக்கு யார் மேலாவது பாய வேண்டும். நேற்றுத்தான் போட்ட ஹாரன், இன்றைக்குச் செத்துப்போயிற்று. கீச்சுக் குரல். தாராவிக் கடை. டூப்ளிகேட். எல்லாம் ஒன்றோடு ஒன்று கனகச்சிதமாகப் பொருந்தின. என்னுடைய ஒரிஜினல் ஜோடி அவரிடம்தானே இருக்கிறது? வெளிநாட்டுச் சாமான், நல்ல விலைக்குப் போயிருக்கும்!

அங்கேயே உட்கார்ந்து சொசைட்டி வாட்ஸப் குரூப்பில் எழுதினேன். எங்கள் குரூப்பில் மராட்டிக்காரர், குஜராத்தி, தமிழர் என்று எல்லோரும் உண்டு, அதனால் இங்கிலீஷ் எழுத்தில் இந்தியில்தான் எழுதுவோம். என் ஒரிஜினல் ஹாரனை 'பதல் தியா', மாத்திட்டான். டூப்ளிகேட் மாட்டியிருக்கிறான். இன்றைக்கு நான் உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். இவனை இனி உள்ளே விடாதீர்கள். முகத்துக்கு நேரே 'நீங்க' என்று பேசின மனிதரை எழுத்தில் 'அவன்' ஆக்க எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

பத்து நிமிஷத்தில் சொசைட்டி செக்ரட்டரி பதில் போட்டார், நாளையிலிருந்து கேட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டேன் என்று. வரிசையாகக் கட்டைவிரல்கள். யாரோ பக்கத்து இரண்டு சொசைட்டிகளுக்கும் அதை அனுப்பி வைத்தார்கள். மறைக்க மாட்டேன், அதைப் பார்க்க எனக்கு இதமாகத்தான் இருந்தது. தோழிகளிடம் டெம்போ கதையை இரண்டு மடங்காக்கிச் சொன்னேன். மத்தியானம் மறுபடி அவர் நம்பரிலிருந்து போன் வந்தபோது, நம்பரையே பிளாக் செய்தேன்.

அடுத்த ஒரு வாரம் இருப்புக்கொள்ளவில்லை. வண்டி கவர் போட்டு நிற்கிறது. நான் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடக்கிறேன். சர்வீஸ் சென்டருக்குத் தினம் போன் போட்டதில், அங்கே என் குரலைக் கேட்டாலே ஹோல்டில் போட ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரிகளில் தூக்கமும் சரியில்லை. டெம்போ கனவு என்று கணவரிடம் சொன்னேன். உண்மையில் எனக்குள் ஏதோ ஒன்று சரியாக உட்காராமல் ஆடிக்கொண்டே இருந்தது. அது என்னவென்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணி இருக்கும். விழிப்புத் தட்டியது, பக்கத்தில் கணவரைக் காணோம். வாக்கிங் போயிருப்பார், நாமும் போகலாம் என்று கீழே இறங்கினேன். என் வண்டியின் கவர் பாதி தூக்கியிருந்தது. முன்னால் என் கணவர் குந்தி உட்கார்ந்து, கிரில்லுக்குள் கையை முழங்கை வரை விட்டு என்னவோ குடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு குறடு. ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு பச்சை மிளகாயும் கோத்த சரம் ஒன்று தரையில் கிடந்தது.

மும்பையில் தெரியாதவர் கிடையாது. சனிக்கிழமை காலையில் கடை வாசல், டாக்சி, ஆட்டோ எல்லாவற்றிலும் இந்த நிம்பு மிர்ச்சி தொங்கும், கண் திருஷ்டிக்கு. ஆனால் என் கணவர்! அவர் ராகு காலம்கூடப் பார்க்க மாட்டார். என் மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டபோது எழுந்து போனவர். வண்டிக்குப் பூஜை போடலாம் என்று நான் சொன்னபோது, "இன்ஷூரன்ஸ் போட்டாச்சு, போதும்," என்றவர்.

"என்ன பண்ணிண்டு இருக்கேள்?"

அவர் பிடிபட்ட திருடன் மாதிரி முழித்தார். பிறகு சொன்னார். வண்டி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ரகசியமாகக் கட்டிக்கொண்டு வருகிறாராம். வெளியே தெரிந்தால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று கிரில்லுக்கு உள்ளே தள்ளிக் கட்டுவாராம். நூலில் கட்டினால் ஸ்பீட் பிரேக்கரில் இடித்து அறுந்துவிடுகிறது. அதனால் கொஞ்ச நாளாகக் கட்டுக்கம்பி வாங்கி வந்து, குறடால் நன்றாக முறுக்கிக் கட்டுகிறார். ஆபீஸில் ஃபைல் கட்டினாலும் அவர் கட்டு அவிழவே அவிழாது.

"எதுக்கு இப்படி?" என்றேன்.

"நீ ஓட்டற வேகத்துக்கு எனக்கு வேற என்ன பண்ணத் தெரியும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அதற்கு நடுவில்தான், முறுக்கிக் கட்டுகிறேன் என்றாரே, எதில் என்று தோன்றியது. போனில் டார்ச் போட்டுக் குனிந்து பார்த்தேன். உள்ளே வதங்கிக் கறுத்துப்போன நாலைந்து எலுமிச்சம்பழங்கள் வரிசையாகத் தொங்கின. பழசை எடுக்காமல் புதுசு புதுசாகக் கட்டியிருக்கிறார். கம்பியின் ஒரு முனை வண்டியின் இரும்புத் தாங்கியில், மறு முனை ஒரு கறுப்பு ஒயர்க் கற்றையில். முறுக்கின இடத்தில் ஒயரின் தோல் அறுந்து, செம்பு தெரிந்தது. சுற்றிலும் தீய்ந்த கறுப்பு. ஹாரன் மாற்றியபோது கற்றை கொஞ்சம் விலகியிருக்கும், ஸ்பீட் பிரேக்கர் குலுக்கலில் மறுபடி தட்டியிருக்கும்.

எங்கனயோ ஒயர் தட்டுது.

கம்பியை அறுத்து எடுக்கச் சொன்னேன். அறுந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றினார். டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தால், அந்த எலக்ட்ரீஷியன் எதற்கும் இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போன இரண்டு ஃபியூஸ்கள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் இருந்தன. ஒன்றைப் போட்டு ஹாரனை அழுத்தினேன். காலை ஆறேகால் மணிக்கு சொசைட்டி முழுக்க அலறியது. அவர் போட்ட, நான் டூப்ளிகேட் என்று ஊருக்கே சொன்ன, அதே ஹாரன். ஜன்னல்கள் திறந்தன. யாரோ திட்டினார்கள். நான் கையை எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடிவந்தார். ஹாரன் சரியாகிவிட்டதைப் பார்த்ததும் ஏதோ நினைவு வந்தவராகத் தன் கேபினுக்குப் போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நியூஸ்பேப்பரில் சுற்றிய பொட்டலம். போன ஞாயிற்றுக்கிழமை காலை அந்த எலக்ட்ரீஷியன் வந்து, மேடத்திடம் கொடுக்க வேண்டும், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று ஒரு மணி நேரம் கேட்டுக்கு வெளியே நின்றாராம். உள்ளே விடவில்லை. கடைசியில் இதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். வாங்கினது தெரிந்தால் செக்ரட்டரி ஏசுவாரோ என்று பயந்து வாட்ச்மேன் ஒரு வாரமாகப் பேசாமல் வைத்திருந்திருக்கிறார். ஏன் உள்ளே விடவில்லை என்று நான் கேட்டேன் பாருங்கள், வெட்கமில்லாமல். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஆப் நே ஹி தோ போலா தா, மேடம்," என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள்.

பொட்டலத்துக்குள் என் ஒரிஜினல் ஹாரன்கள் இரண்டும் துடைத்துச் சுத்தமாக இருந்தன. அப்போதுதான் 'நீங்களே வச்சுக்கோங்கோ' என்று நான் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. மறந்துபோயிருந்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் ஞாபகப்படுத்திக்கொள்ள நான் ஒரு நொடிகூட முயலவில்லை என்பதுதான் நிஜம்.

குளித்தும் குளிக்காமலும் கிளம்பிவிட்டேன். வழக்கம்போல் வேகமாகத்தான் போனேன். சயான் தாண்டும்போது உறைத்தது, மன்னிப்புக் கேட்கப் போகிறவள் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரிலா போய் இறங்குவது? அங்கேயே ஓரமாக நிறுத்திவிட்டு மீதித் தூரம் நடந்தேன். தொண்ணூறடி ரோட்டில் அந்த நேரத்துக்கே கைவண்டியும் தண்ணீர் லாரியும் நெரிசலும். வியர்வை வழிந்தது. என்ன சொல்வது என்று மனசுக்குள் எழுதி எழுதி அடித்துக்கொண்டே போனேன்.

அவர் கடையைத் திறந்து பலகையில் உட்கார்ந்து ஒரு பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. நான் எலுமிச்சம்பழம், கம்பி, கணவர், ஒயர் என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். தப்பு என்னோடதுதான், மன்னிச்சுக்கோங்கோ என்றேன். அவர் பாட்டரியின் மூடியைத் திருகி மூடினார்.

"அன்னைக்குச் சாயங்காலமே உங்க பழைய ஹாரன இங்கன பாட்டரியில வச்சுப் பாத்தேன்க்கா. ரெண்டும் நல்லா ஊதுச்சு. அப்ப கோளாறு ஒயர்லதான், ஓட்டிட்டுப் போவாதீங்கன்னு சொல்லத்தான் போன் போட்டேன். நீங்க எடுக்கல."

அவர் பாட்டரியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"நீங்க எழுதுனத ஒருத்தர் எனக்கே அனுப்பிட்டாரு, இது நெசமாப்பான்னு கேட்டு. எம் பொண்டாட்டிதான் படிச்சுச் சொன்னா." அவர் குரல் இப்போது கொஞ்சம் உயர்ந்தது. "மாத்துங்கன்னு நீங்கதான சொன்னீங்க? ரெண்டு வாட்டி சொன்னீங்க. மாத்துனேன். அதே வார்த்தைய அங்கன போயி மாத்திட்டான்னு சொன்னா, அது களவு ஆயிருதுல்லா? தாராவின்னாலே டூப்ளிகேட்டும்பாங்க. அதுக்குப் பயந்துதான் கழட்டுன ஒரு ஸ்குரூவக்கூட நான் கையில வச்சுக்கிடுதது இல்ல. நீங்க ஒருத்தருதான் வச்சுக்கிடச் சொன்னீங்க, வச்சுக்கிட்டேன்."

அந்த வார்த்தையை நான் எத்தனை சுலபமாகப் போட்டேன்! தமிழில் மாத்தினாலும் இந்தியில் 'பதல் தியா' என்றாலும், பழுதுபார்ப்பதற்கும் ஏமாற்றுவதற்கும் ஒரே சொல்தான். எந்த அர்த்தம் என்பதைச் சொல்கிறவளின் புத்திதான் முடிவு செய்கிறது.

"இப்பவே குரூப்பில் எழுதிடறேன்," என்று போனை எடுத்தேன். மறுபடியும் அதே அவசரம்.

"வேண்டாம்," என்றார். "எழுதுனா யாரு படிக்கா? படிச்சாலும் சமாதானம் பண்ணிட்டு எழுதுறாங்கம்பாங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம. நான் கேட்டுக்கு வாரேன். நீங்க எறங்கி வந்து கூட்டிட்டுப் போங்க. எனக்கு வண்டி தந்த வீடு ஒவ்வொண்ணுக்கும் போவோம். நீங்க வாயால சொல்லணும். நான் பக்கத்துல நிக்கேன்."

நாலு பேருக்கு முன்னால் நான் தப்பு செய்தேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை. ஆனால் சரி என்றேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கேட்டில் நின்றார். துவைத்துத் தேய்த்த சட்டை, கையில் வழக்கமான டூல்ஸ் பை. செக்ரட்டரியை வரவழைத்து வாட்ச்மேன் முன்னாலேயே விஷயத்தைச் சொல்லி, நான் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். என் கணவரும் வந்தார், அந்தக் கறுத்த எலுமிச்சம்பழங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை, "முதல் குற்றவாளி நான்தானே," என்று ஒட்டிக்கொண்டார்.

முதல் வீட்டில் கதவைத் திறந்த மனிதர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்க்கிறார். எலக்ட்ரீஷியன் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு ஒரு வழியாகச் சொன்னேன். நான் எழுதினது பொய். இவர் எதையும் எடுக்கவில்லை. பழைய ஹாரன் என் வீட்டில் இருக்கிறது. என் அவசரத்தால் வந்த வினை. மூன்றாவது வீட்டில் வார்த்தை கொஞ்சம் சுலபமாக வந்தது. ஐந்தாவது வீட்டில் எலுமிச்சம்பழப் பையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே மட்டும் எலக்ட்ரீஷியனும் லேசாகச் சிரித்தார். ஒரு வீட்டுப் பெரியவர் அவர் கையைப் பிடித்து, நான் நம்பவே இல்லையப்பா, நீ வரலையேன்னுதான் பார்த்தேன் என்றார். எலக்ட்ரீஷியன் சட்டென்று திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை.

பதினோரு வீட்டில் ஒன்பது வீட்டுக்காரர்கள் அன்றைக்கே வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தார்கள். நாலாவது மாடியில் இரண்டு வீடுகளில் மட்டும் வேறு மாதிரி ஆயிற்று. பரவாயில்லை ஆன்ட்டி, இதெல்லாம் சகஜம்தானே என்று என்னைத் தேற்றினார்கள். உள்ளே வாங்கோ, காபி சாப்பிடுங்கோ என்றார்கள். எங்கள் இரண்டு பேரைத்தான். அவரை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வேற ஆளைப் பார்த்துட்டோம், எதுக்கு வம்பு என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் மறுபடி மணி அடிக்கப் போனேன். அவர், "விடுங்கக்கா, போதும்," என்று படியிறங்கிவிட்டார்.

இதற்கப்புறம் என் வண்டியை நானாகவே மூன்று நாள் அவரிடம் விட்டேன். பம்பரை இறக்கி, ஒயரிங் முழுவதையும் பார்த்து, என் பழைய ஹாரன்களையே மறுபடி மாட்டிக் கொடுத்தார். பேச்சில் மரியாதை குறையவில்லை. ஆனால் முன்பு மாதிரி என்னிடம் ஊர்க்கதை பேசுவதில்லை. வேலை முடிந்ததும் சாமானை நீட்டுவார், நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன்.

குரூப்பில் அந்தப் பழைய மெசேஜ் இன்னும் எங்கேயோ கிடக்கிறது. அழிக்கும் நேரம் தாண்டிவிட்டது என்கிறது போன். பக்கத்து சொசைட்டிகளில் யார் யார் அதைப் படித்தார்கள், அங்கிருந்து எங்கெல்லாம் போயிற்று என்று எனக்குத் தெரியாது, அத்தனை கதவுகளையும் தட்ட எனக்கு வழியும் இல்லை. என் மேல் மட்டும் யாருக்கும் கோபம் இல்லை. பொய்யை எழுதினவள் நான், ஆனாலும் அந்த இரண்டு வீட்டிலும் இன்றைக்கும் எனக்குக் காபி உண்டு, பொய் சொல்லாத அவருக்குத்தான் கதவு திறப்பதில்லை என்பது நாலாவது மாடியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.